வாசகர் கேள்வி – பதில்: பள்ளிப் பிள்ளைகளுக்கு வனப் பயிற்சி

உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பறைக்கு வெளியே வனவியல் கற்பிப்பது குறித்துப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் விடை தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் சேர்த்துச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வனவியல் களப் பயிற்சி அளிக்க விரும்புகிறோம். ஆனால் எங்கள் பள்ளியைச் சுற்றிப் பனையும் தென்னந்தோப்பும் வயலும்தான் இருக்கின்றன. காடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை நெல்லியாம்பதிக்கோ பரம்பிக்குளத்துக்கோ பேருந்து அமர்த்தி அழைத்துச் சென்றால் போதுமா?
– ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. ஒரு நாள் பயணத்தில் பிள்ளைகள் காட்டைப் பார்ப்பார்கள்; குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டு திரும்பினால் அதுவே பெரிய வரவு. வனத் தொழிலின் அடிப்படைத் திறன் வேறு வகையானது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, அங்கே நிற்கும் மரம் எவ்வளவு பருத்தது, எது பட்டுப்போனது, எது புதிதாக முளைத்தது என்பதை அளந்து தேதியோடு எழுதி வைக்கும் பழக்கம்தான் அது. வன ஆராய்ச்சியாளர்கள் எல்லைக்கல் நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்துவரும் மாதிரித் திடல்களில் நடப்பதும் இதுவே.

இதற்கு யானை நடமாடும் காடு தேவையில்லை. பள்ளி வளாகத்தின் ஒரு மூலை, கோயில் நந்தவனம், குளக்கரை, வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கு என மரங்கள் நிற்கும் ஓர் இடத்தை உரியவர்களிடம் கேட்டுப் பெற்று, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். மூலைகள் செங்கோணமாக அமைய, பன்னிரண்டு மீட்டர்க் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் இடைவெளிகளில் முடிச்சிட்டு முக்கோணமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால், பிதாகரஸ் தேற்றம் எதற்கு என்று பிறகு எந்தப் பிள்ளையும் கேட்காது. நான்கு மூலையிலும் கல் நடுங்கள். மார்பளவு உயரத்தில் சுற்றளவு 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருப்பவற்றை மரம் என்றும், 10 முதல் 30 வரை உள்ளவற்றை இளமரம் என்றும் கணக்கில் கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். எண்ணைப் பெயிண்டால் எழுதலாம். ஆணி அடிக்கவோ கம்பியால் இறுக்கிக் கட்டவோ கூடாது, ஏனெனில் மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். சதுரத்தின் ஒரு மூலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் இன்னொரு சிறு சதுரம் வகுத்து, அதற்குள் முளைக்கும் செடிகொடிகளை மட்டும் தனியே எண்ணி வரலாம்.

உங்கள் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கேரளத்தில் கரிசல் மண்ணைக் காண வேண்டுமானால் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக்குத்தான் வர வேண்டும். இரு பக்கமும் திறந்த ஒரு தகரக் குவளையை மண்ணில் பாதிவரை அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் வெடிப்பு வழியே கடகடவென இறங்கும் தண்ணீர், மழை பெய்து மண் ஊதியபின் அப்படியே நிற்கும். வேர் மூச்சுவிட வடிகால் கேட்கும் தேக்கு இந்த மண்ணில் ஏன் சவலையாக நிற்கிறது, வேம்பும் கருவேலும் ஏன் தழைக்கின்றன என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

மாதம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஜூன் மாதத்தில் முளைகளை எண்ணுவது, ஐப்பசியில் பெய்யும் துலா மழைக்குப்பின் இளமரங்களை அளப்பது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும் மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்வைக் குறிப்பது, பங்குனியில் இலவும் சரக்கொன்றையும் பூக்கும் தேதியைப் பதிவது என்று ஆண்டு தானாகவே நிரம்பிவிடும். ஒரே மரத்தை வாரந்தோறும் கவனித்து இலை, பூ, காய் நிலையைப் பதியும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் கேரளப் பள்ளிகள் பல பங்கேற்று வருகின்றன. அதில் நீங்களும் சேரலாம். பரம்பிக்குளத்தை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அளக்கப் பழகிய கண்ணோடு போகும் பிள்ளை அங்கே பார்ப்பதே வேறாக இருக்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் இதெல்லாம் படிப்பைக் கெடுக்காதா?
– ஒரு தந்தை, வண்டித்தாவளம்

பதில்: மாதத்துக்கு மூன்று மணி நேரம் வெயிலில் நின்றதால் தேர்வு கெடாது. ஆனாலும் பொதுத்தேர்வு ஆண்டில் ஜனவரிக்குப்பின் நிறுத்திவிட்டு, அளவெடுக்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பினரிடம் ஒப்படைப்பதே முறை. திடலும் கைமாறிப் பழகும்.

கேள்வி: நான் கணித ஆசிரியர். மரத்தின் உயரத்தையும் அதிலுள்ள தடியின் அளவையும் பிள்ளைகள் தாங்களே கணக்கிடும்படி கற்பிக்க எளிய வழி உண்டா? கருவி வாங்கப் பள்ளியில் பணம் இல்லை.
– கோவிந்தாபுரம்

பதில்: பணம் வேண்டாம். வடிவியல் பெட்டியில் கிடக்கும் 45 பாகை மூலைமட்டம், ஒரு நூல், தூக்குக் குண்டாக ஒரு இரும்பு நட்டு ஆகியவை போதும். மூலைமட்டத்தின் ஒரு குறும்பக்கம் நூலுக்கு இணையாக நிற்கும்படி பிடித்துக்கொண்டு, நெடும்பக்கத்தின் வழியே மரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து அடிமரம்வரை உள்ள தூரத்தோடு பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைக்கும். தூரம் 14 மீட்டர், கண் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் மரம் பதினைந்தரை மீட்டர். தொடங்குவதற்குப் பனையைப் போல வாகான மரம் வேறில்லை. நிமிர்ந்து நிற்கும், உச்சி எது என்ற குழப்பமும் வராது. படர்ந்த ஆலையோ புளியையோ முதலில் எடுத்துக்கொண்டால், வகுப்பில் பாதிப் பேர் பக்கக் கிளையின் நுனியை உச்சி என்று பிடித்துக்கொண்டு வருவார்கள். தரை சரிவாக இருந்தால் இந்த முறை பிழைக்கும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

சுற்றளவை நம் நாட்டு வனத்துறை வழக்கப்படி தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் அளக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்க்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகக் கிளைத்த மரத்தை இரண்டு மரமாகக் கொள்ள வேண்டும். நாடா மரத்தைச் சுற்றிச் சாய்வாகப் போனால் அளவு கூடிவிடும் என்பதால், எதிர்ப்புறம் ஒரு பிள்ளையை நிறுத்தி நாடாவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரே மரத்தை ஐந்து பேர் தனித்தனியே அளந்து ஐந்து விடைகளையும் கரும்பலகையில் எழுதினால், அளவீட்டுப் பிழை என்ற பாடம் அன்றைக்கே முடிந்துவிடும்.

உங்களுக்கு மிகவும் பிடிக்கப்போவது தடிக் கணக்கு. தடியின் நடுவில் கயிற்றைச் சுற்றி, அந்தக் கயிற்றை நான்காக மடித்து, மடித்த நீளத்தை வர்க்கமாக்கித் தடியின் நீளத்தால் பெருக்குவது மர வியாபாரத்தின் பழைய முறை. நடுச் சுற்றளவு 120 சென்டிமீட்டர், நீளம் 3 மீட்டர் கொண்ட தேக்குத் தடிக்கு இந்த முறையில் 0.27 கன மீட்டர் வரும். அதே தடியை உருளையாகக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 0.34 கன மீட்டர். நான்காக மடிக்கும் முறையில் தடி எப்போதும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தே காட்டும். அறுக்கும்போது வெளிப்புறச் சிலாம்பும் தூளும் கழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். மடிப்பு முறை விடைக்கும் உருளை விடைக்கும் உள்ள விகிதம் எப்போதும் π (பை) என்ற எண்ணில் நான்கில் ஒரு பங்காகவே ஏன் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து மரத்தை விற்கப் போகும் தகப்பனுக்கு அந்தப் பிள்ளையின் நோட்டுப்புத்தகம் அன்று பயன்படும்.

இந்தப் பழக்கம் வந்தபின் பரம்பிக்குளத்தில் கன்னிமரத் தேக்கின்முன் அவர்களை நிறுத்தலாம். ஆறரை மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்ட அந்த மரம் பெரிய மரங்களுக்கு இந்திய அரசு வழங்கிய மகாவிருட்ச விருதை 1994–95ஆம் ஆண்டுக்குப் பெற்றது. ஒன்றை நினைவில் வையுங்கள்: பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் புகுந்தே செல்கிறது, இரு மாநிலச் சோதனைச் சாவடிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் டாப்ஸ்லிப்பில், வெட்டி அழிக்கப்பட்ட தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்து 1933இல் மறைந்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இருக்கிறது. போகும் இடமெல்லாம் கைத்தடியால் குழி போட்டு அவர் தேக்கு விதைகளை ஊன்றினார் என்று சொல்வார்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பள்ளியில் களப் பயிற்சி என்று கைரம்பமும் வெட்டுக்கத்தியும் கொடுக்கப் போகிறார்களாம். பெண் பிள்ளைக்கு இது தேவையா, அம்மா என்ற முறையில் நான் பயப்படுவது தவறா?
– நென்மாறை

பதில்: பயப்படுவது தவறில்லை, பெண் பிள்ளை என்பதற்காகப் பயப்படுவதுதான் தேவையற்றது. கேரள வனத்துறையில் பெண்கள் பீட் பாரஸ்ட் ஆபீசர்களாக, அதாவது களத்தில் ரோந்து செல்லும் வனக் காவல் அலுவலர்களாக, காடு சுற்றி வருகிறார்கள். ஆணோ பெண்ணோ, அந்த வயதில் கைரம்பம் கொடுக்கலாம். வெட்டுக்கத்தியைப் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். மின்ரம்பமும் மரம் ஏறுவதும் மரம் சாய்ப்பதும் பதினெட்டு வயதுவரை கூடவே கூடாது என்பதில் பள்ளியிடம் எழுத்து மூலம் உறுதி கேளுங்கள்.

ரம்பத்தால் கற்க வேண்டியது கவாத்து, அதாவது கிளை கழிப்பது. கையளவு பருத்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியில் அது தன் பாரத்தால் ஒடிந்து அடிமரத்துப் பட்டையையும் நார்நாராக உரித்துக்கொண்டு இறங்கும். அந்தக் காயம் ஆறாது, கரையான் ஏறும். ஆகவே அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். கடைசியாக, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதியைத் தொடாமல் அதை ஒட்டி, எஞ்சிய கிளைக்கட்டையை நீக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த வெட்டு, மழைக்குப்பின் ஓரத்திலிருந்து வட்டமாகத் தோல் மூடி வருவதை உங்கள் மகள் வீட்டில் வந்து சொல்வாள்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5 அன்று எங்கள் மன்றமும் பள்ளியும் சேர்ந்து மரக்கன்று நடுகிறோம். மறு ஆண்டு அதே குழியில் மறுபடியும் நடுகிறோம். என்ன குறை?
– முதலமடை

பதில்: அன்றைய மத்திய வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி 1950இல் வனமகோத்சவம் என்ற மரம் நடு விழாவைத் தொடங்கியதிலிருந்து நாடு முழுவதும் கேட்கப்படும் கேள்வி இது. நடுவது ஒரு நாள் வேலை, காப்பது இரண்டு கோடை வேலை. நாம் முதலாவதற்கு மட்டும் புகைப்படக்காரரை அழைக்கிறோம். உங்கள் மாணவர்கள் எத்தனை நட்டார்கள் என்று எழுதுவதை விட்டு, அடுத்த மே மாத இறுதியில் எத்தனை உயிரோடு நின்றன, பட்டவை ஆட்டாலா, தண்ணீரின்றியா, கரையானாலா என்று குழிவாரியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டே ஆண்டில் எந்த இடத்தில் என்ன நடக்கூடாது என்ற பட்டியல் கிடைக்கும்.

கன்றையும் இலவசமாக வாங்கி நடாமல் பிள்ளைகளே வளர்க்கட்டும். வேப்பம்பழம் உதிரும் காலத்தில் பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். தேக்குக்கு நேர் எதிர் வைத்தியம். அதன் கெட்டிக் கொட்டையை இரவில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயப்போட்டு, இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் செய்தால்தான் ஓடு இளகும். அப்போதும் எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஓராண்டு நாற்றைப் பிடுங்கி, கட்டைவிரல் பருமனுள்ளதாகத் தேர்ந்து, தண்டில் இரண்டு விரற்கடையும் ஆணிவேரில் ஒரு சாணும் விட்டு, பக்கவேர்களைச் சீவி எடுப்பதை நர்சரிக்காரர்கள் ஸ்டம்ப் என்பார்கள். காய்ந்த குச்சிபோலக் கிடக்கும் அதை மழை தொடங்கும்போது கடப்பாரைக் குழியில் இறுக்கி நட்டால் துளிர்த்து வரும். பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். அதனாலேயே செய்து காட்ட வேண்டும். ஆனால் ஸ்டம்பை வடிகாலுள்ள மலையடிவாரச் செம்மண்ணில் மட்டும் நடுங்கள்.

கேள்வி: நாங்கள் இருளர். என் பேரன் பள்ளியில் பின்வரிசையில் இருக்கிறான். காட்டுக்குள் வந்தால் அவனுக்குத் தெரியாத செடி இல்லை, தடம் இல்லை. வனப் பயிற்சி நடத்தும் பள்ளிக்கூடம் இதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள்.
– ஒரு பெரியவர், அகளி, அட்டப்பாடி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை ஆசிரியர்கள்தான் முதலில் படிக்க வேண்டும். களத்தில் உங்கள் பேரனைக் குழுத்தலைவனாக்கி, அவன் சொல்லும் பெயரையும் அடையாளத்தையும் மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளும்படி அமைத்தால், பின்வரிசை தானாக முன்வரிசை ஆகும். அதற்காக அவனைக் காட்சிப்பொருளாக்கி, வரும் விருந்தினருக்கெல்லாம் செடி காட்டச் சொல்வதும் ஆகாது. அவனும் நாடா பிடிக்கவும் கணக்குப் போடவும் கற்க வேண்டும்.

உங்களைப் போன்ற பெரியவர்கள் வந்து ஒரு நாள் கற்பித்தால் அது ஒரு நாள் ஆசிரியப் பணி. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து அதற்கு மதிப்பூதியம் தருவது கடமை. தேநீரும் பொன்னாடையும் அதற்கு ஈடாகா. மருந்துச் செடிகளைப் பற்றிய செய்திகளை ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் பள்ளி எழுதி வெளியிடக் கூடாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை ஊராட்சி அளவில் வைக்க வழி இருக்கிறது. பிள்ளைகளின் பதிவு அதற்குப் போவதானால் அதை ஊரார் தீர்மானிக்கட்டும். தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறுவனப் பொருள்களில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமையும் வனவியல் பாடத்தில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் பள்ளி வாளையாற்றுக்கு அருகில் இருக்கிறது. பிள்ளைகளை உண்மையான காட்டுக்குள் அழைத்துச் செல்ல யாரிடம் அனுமதி பெற வேண்டும்? யானை நடமாட்டம் அதிகம் என்பதால் தயங்குகிறோம்.
– தலைமையாசிரியர்

பதில்: தயக்கம் நல்லது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமானால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். பாலக்காடு, நென்மாறை, மண்ணார்க்காடு ஆகிய வனக் கோட்டங்களில் உங்கள் இடம் எதில் வருகிறதோ அந்தக் கோட்ட வன அலுவலருக்குப் பிள்ளைகளின் பட்டியல், போகும் பாதை, நேரம், நோக்கம் ஆகியவற்றோடு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வனத்துறையே இயற்கைக் கல்வி முகாம்களை நடத்துவதால், முதல் முறை அதில் சேர்ந்துகொள்வது எளிது.

போகும் நாளில் உடன் வரும் வாச்சரின், அதாவது வனத்துறைக் காவலாளியின், சொல்லே சட்டம். அவர் திரும்பலாம் என்றால், அளவு பாதியில் நின்றாலும் திரும்ப வேண்டும். ஒரு வாச்சருக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். காலை வெயில் ஏறியபின் நுழைந்து, பிற்பகல் மூன்று மணிக்குள் வெளியேறிவிடுங்கள். மங்கிய நிற உடை, மூடிய காலணி, வாசனைத் திரவியம் இல்லாமை, பாட்டுப் பெட்டி இல்லாமை ஆகியவை கட்டாயம். பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். அது எந்த மருத்துவமனை, வண்டி எங்கே நிற்கிறது என்பது கிளம்பும் முன்பே ஒவ்வோர் ஆசிரியரின் சட்டைப்பையிலும் எழுதி இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் மழை வரும்வரை தீக்காலம் என்பதால் உட்காட்டுப் பயணமே வேண்டாம். அந்த மாதங்களில் காட்டோரத்தில் நின்று, தீ தாண்டாதபடி புல்பூண்டு நீக்கிய தீத்தடுப்புக் கோடு எப்படிச் செதுக்கப்படுகிறது என்று பார்ப்பதே போதிய பாடம்.

கேள்வி: ஐயா, நான் மறையூரில் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் பள்ளி நாற்றங்காலில் சந்தனக் கன்றுகள் நான்கு இலை விட்டு அப்படியே வெளுத்துச் செத்துப்போகின்றன. உரமும் போட்டோம். காரணம் என்ன? மேலே படித்து வனத்துறையில் சேர என்ன செய்ய வேண்டும்?
– ஒரு மாணவி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. பிளஸ் டூ முடித்தால் கேரளத்தில் பீட் பாரஸ்ட் ஆபீசர் தேர்வு எழுதலாம். வனவியலையே நான்காண்டுப் பட்டமாகப் படிக்கத் திருச்சூர் வெள்ளானிக்கரையிலும், நம் எல்லைக்கு அப்பால் மேட்டுப்பாளையத்திலும் கல்லூரிகள் உண்டு. அதற்கு பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவை எடு. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் ஒன்றைக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும்.

இனி சந்தனம். இயற்கையான சந்தனக் காட்டின் நடுவே வாழும் உனக்கு இது தெரிந்திருப்பது நல்லது: சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் தன் உணவைத் தானே சமைத்தாலும், தண்ணீருக்கும் தாதுக்களுக்கும் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கொக்கிபோல் பதித்து உறிஞ்சும். பையில் தனியாக நின்றதால்தான் உங்கள் கன்று விதையிலிருந்த சேமிப்பு தீர்ந்ததும் வெளுத்தது. உரம் அதற்கு மருந்தாகாது. அடுத்த முறை, நாற்று நான்கைந்து இலை விட்டவுடன் அதைப் பைக்கு மாற்றும்போதே, அதே பையில் இரண்டு துவரை விதையை ஊன்று. கிள்ளியெடுத்த பொன்னாங்கண்ணித் தண்டையும் நடலாம். நிலத்தில் நடும்போது பக்கத்தில் சவுக்கையோ புங்கத்தையோ வைக்க வேண்டும், ஏனெனில் துவரை ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். விதையை மட்டும் காட்டில் போய்ப் பொறுக்காதே. வனத்துறையின் ரேஞ்ச் (வனச்சரக) அலுவலகத்தில் பள்ளியின் கடிதத்தோடு கேள். கடைசியாக ஒன்று: துவரை வேகமாக வளர்ந்து சந்தனத்தின் மேல் நிழல் கவிழ்த்துவிடும். ஆகவே அது சந்தனத்தை விட உயரமாகும்போதெல்லாம் நுனியைக் கிள்ளி விடு. வேரோடு மட்டும் பிடுங்கிவிடாதே.